நம் பள்ளி மேடையில் மறுபடியும் ஒரு நாடகம் வேண்டும்

ஹெச்.எம். அம்மா அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்கள் பள்ளியில் படித்தவள். 1984இல் ஏழாம் வகுப்பு. இப்போது என் தம்பி மகள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. எந்தப் பள்ளி என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்கள் அவரவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை நினைத்துக்கொள்ளட்டும். ஏனென்றால் நான் சொல்ல வருவது கடலூரில் ஒரு பள்ளியோடு முடிகிற விஷயம் இல்லை.

போன மாதம் ஆண்டு விழாவுக்கு வந்திருந்தேன். தம்பி மகள் ஒரு வாரமாக "அத்தை, நீ கட்டாயம் வரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்வரிசைக்குப் பின்னால் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் பதினாலு நிகழ்ச்சி, அதில் பன்னிரண்டு சினிமாப் பாட்டு நடனம், ஒன்று யோகா, ஒன்று ஆங்கிலப் பேச்சு. பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அந்த வெயிலில் அந்த ஜிகினா உடையைப் போட்டுக்கொண்டு மதியம் மூன்று மணியிலிருந்து காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் எட்டாவது பாட்டு பாதியில் பென் டிரைவ் நின்றுவிட்டது. எட்டுப் பிள்ளைகள் மேடையில் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் எதையோ பிடுங்கிச் செருகினார், ஒரு ஆசிரியர் ஓடினார், கூட்டம் விசிலடித்தது. நாலு நிமிஷம் இருக்கும். என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, ஒரு சின்னப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள். அந்த நாலு நிமிஷம்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது.

இன்னொன்றும் பார்த்தேன். மேடைக்கு இடது பக்கம் தரையில் முப்பது நாற்பது பிள்ளைகள் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். "இவங்க எதுலயும் இல்லையா?" என்று தம்பி மகளிடம் அப்புறம் கேட்டேன். "டிரஸ் வாடகை அறுநூத்தம்பது ரூபா அத்தை, அவங்க வீட்ல கட்டலை" என்றாள், மதியச் சாப்பாட்டில் முட்டை போட்டார்கள் என்பதைச் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதே மேடையில், பக்கத்தில் இருந்த புங்கமரத்தின் கிளை மேடைக்கு மேலே கூரை மாதிரி கவிந்திருந்த காலத்தில் (அந்த மரம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் விழுந்தது, அன்று இந்த ஊரில் விழாத மரம் எது), நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய பெருமை பேசுவதற்காக இல்லை. ஒரு நாடகம் எப்படி உருவாகிறது என்பதை, அதில் யாருக்கெல்லாம் இடம் கிடைக்கிறது என்பதை, இப்போது பொறுப்பில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

அப்போது எங்களுக்குத் தமிழ் எடுத்தவரை எல்லோரும் தமிழய்யா என்றுதான் கூப்பிடுவோம். உயரமானவர், சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு மை பேனா, பிள்ளைகளை அடிக்க மாட்டார், ஆனால் "ல"வையும் "ள"வையும் மாற்றிச் சொன்னால் அன்று முழுக்க நம் பக்கமே திரும்ப மாட்டார். அது அடியைவிட வலிக்கும். பொங்கல் லீவு முடிந்து வந்ததும் ஒரு பழைய கணக்கு நோட்டோடு வகுப்புக்குள் வந்தார். கோடு போட்ட பக்கங்களில் அவரே எழுதிய வசனம். அப்பர் கதை. "நம்ம ஊர்ல நடந்த கதைடா இது, நாம போடாம யார் போடுவாங்க?" என்றார்.

கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனராகி, சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து, சிவனைப் பாடித் திருநாவுக்கரசரானார். பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போடச் சொன்னான். கல் மிதந்தது, அவர் பாடிக்கொண்டே கரைக்கு வந்தார். அப்படி வந்து ஏறின இடத்துக்கு இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர். சித்திரையில் அங்கே விழா நடக்கும். டவுன் பஸ் போகிற ஊருக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது என்பது பன்னிரண்டு வயதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

தமிழய்யா அந்தக் கதையை எழுதியிருந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. சமண முனிவர்களாக வருகிற பையன்களுக்குக் கோரமாக வேஷம் போடலாம் என்று யாரோ சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு என்ன பேரு? பள்ளிக்கூடம். பள்ளின்னா சமண முனிவர் தங்கி இருந்த இடம்டா. அவங்க பாயும் திண்ணையும் போட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்த ஊர் இது. அவங்களை அசிங்கமா காட்டக் கூடாது" என்றார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது, கி.பி. 458இல் லோகவிபாகம் என்ற நூல் எழுதப்பட்ட பாடலிகா இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் நான் ரொம்ப வருஷம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது தமிழய்யாவின் குரல்தான் காதில் கேட்டது.

ராஜா வேஷம் கிடைத்த பையன் இரண்டாம் நாளே அழுதுகொண்டு வந்தான், வில்லன் வேஷம் வேண்டாமாம், தெருவில் எல்லோரும் கேலி செய்கிறார்களாம். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அந்த ராஜா மகேந்திரவர்மன்னு சொல்றாங்க. அவர் யார் தெரியுமா? அவரே ஒரு நாடகம் எழுதினவர். மத்தவிலாசப் பிரகசனம்னு பேரு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்த நாடகம் இருக்கு. நாடகம் எழுதின ராஜாவா நீ நடிக்கப் போற" என்றார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பையன் நடக்கும் நடையே மாறிவிட்டது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாடகத்தில் பேசுகிற வேஷம் பதினொன்று. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலும் சேர்த்து அறுபது பேருக்கு மேல் பேர் கொடுத்திருந்தோம். பேர் வராதவர்கள் அன்று மதியம் சாப்பிடவே இல்லை, நானும் அதில் ஒருத்தி, கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். மறுநாள் தமிழய்யா வகுப்புக்கு வந்ததும், "இந்த நாடகத்துல பெரிய வேஷம் எது?" என்று கேட்டார். அப்பர் என்றோம். ராஜா என்றோம். இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். "கடல்டா. கடல் இல்லாம அப்பர் எப்படிக் கரையேறுவார்? எனக்குக் கடல் வேணும். ஐம்பது பேர் வேணும்" என்றார்.

அப்படி நாங்கள் கடல் ஆனோம்.

அந்தச் சனிக்கிழமை எங்களை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். செயின்ட் டேவிட் கோட்டை இடிபாட்டுப் பக்கமாகப் போய் மணலில் உட்கார வைத்தார். கடலைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். நாங்கள் கடலூர்ப் பிள்ளைகள், கடலை நூறு தடவை பார்த்திருக்கிறோம், ஆனால் கவனித்ததே இல்லை. அரை மணி நேரம் கழித்து எழுந்து கையை வீசி அலை மாதிரி ஆடிக் காட்டினோம். எங்களில் ஒருவன் சிரித்தான். தேவனாம்பட்டினத்துப் பையன், அவன் அப்பா கட்டுமரத்தில் போகிறவர், கணக்கில் எப்போதும் பத்துக்குக் கீழே வாங்குவான், கடைசி பெஞ்சில் சுவரோரம்தான் அவனுக்கு இடம். "ஏன்டா சிரிக்கிற?" என்று தமிழய்யா கேட்டதும் பயந்து எழுந்து நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அய்யா, அலை எல்லாம் ஒரே மாதிரி வராது. பெருசு ஒண்ணு வரும், பின்னாடியே ரெண்டு சின்னது. அப்புறம் இழுக்கும். இவங்க யாருமே இழுக்கலை."

தமிழய்யா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் மணலில் உட்கார்ந்துகொண்டு, "நீ வந்து சொல்லிக் குடு" என்றார். அன்றிலிருந்து ஒரு மாதம் அந்தப் பையன்தான் எங்களுக்குக் கடல் வாத்தியார். நாங்கள் ஐம்பது பேரும் அவன் சொல்கிறபடி வந்தோம், இழுத்தோம், வந்தோம், இழுத்தோம். ஹெச்.எம். மகளும் அதில் இருந்தாள், அவளையும் "நீ முந்துற" என்று அதட்டினான். வகுப்பில் அவனை மக்கு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் அதற்குப் பிறகு ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை, யாரும் சொல்லி நிறுத்தியதில்லை, அதுவாக நின்றுபோனது.

கடலுக்கு நீலச் சேலை வேண்டும் என்று எல்லோர் வீட்டிலும் கேட்டோம். தையல் டீச்சர் தன்னுடைய இரண்டு சேலையைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் நீலச் சேலையே இல்லை, அம்மாவிடம் இருந்த நல்ல சேலை ஒன்றே ஒன்று, அது பச்சை. அதைக் கொண்டு போய்த் தயங்கித் தயங்கி நீட்டினேன். தையல் டீச்சர் வாங்கி முகத்துக்கு நேரே பிரித்துப் பார்த்துவிட்டு, "கரை பக்கத்துல தண்ணி பச்சையாதானே இருக்கும்" என்று சொல்லி அதை முதல் வரிசையில் தைத்தார்.

அலைச் சத்தத்துக்கு முறம். நெல்லிக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தெருக்கூத்து வாத்தியார் ஒருவர் தகரப் பெட்டியோடு வந்திருந்தார், தமிழய்யாவுக்குப் பழக்கம். அவர் சொன்ன வித்தை அது. முறத்தில் அரைப் படி கேழ்வரகைப் போட்டு மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவனுக்குக் கடற்கரையில் நிற்கிற மாதிரி இருக்கும். அரிசி போட்டால் சத்தம் தடித்துவிடும், கேழ்வரகுதான் சரி. ஐந்து முறம், ஐந்து பெண்கள், நான் இரண்டாவது முறம். அவரேதான் அப்பருக்கும் ராஜாவுக்கும் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசினார், கட்டியங்காரன் வந்து கதையை ஆரம்பிக்க வேண்டும் என்று யோசனை சொன்னதும் அவர்தான். ஊருக்குள் அவரும் வாத்தியார், பள்ளிக்குள் இவரும் வாத்தியார், இரண்டு வாத்தியார்களும் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு ராகம் பேசிக்கொண்டிருந்த காட்சி எனக்கு நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கிறது.

எல்லோரும் ஆதரவாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்கு சார் கோபமாகத்தான் இருந்தார். பரீட்சை நேரத்தில் கூத்து என்ன வேண்டியிருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்பட நாங்கள் எல்லோரும் நாலு மணிக்கு மேல் ஏழு மணி வரை ஒத்திகையில் இருந்தோம்.

ஆண்டு விழா அன்று கூட்டம் காம்பவுண்டு சுவர் மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. திலகவதியார் காட்சி முடிந்தது. ராஜாவின் ஆள் வந்து கூப்பிட, அப்பர் வேஷம் போட்ட எட்டாம் வகுப்பு அண்ணன் "நாமார்க்கும் குடியல்லோம்" என்று சொன்ன இடத்தில் கைதட்டல் நிற்கவே இல்லை. கல்லில் கட்டினார்கள், அட்டையில் செய்து கரி பூசிய கல்தான். தூக்கிக் கடலில் போட்டார்கள், நாங்கள் பெரிய அலையாக எழுந்தோம், அந்த நொடியில் கரண்ட் போனது.

மைக் போனது. டியூப் லைட் போனது. ஒரே இருட்டு. படுதாவுக்குப் பின்னாலிருந்து தமிழய்யாவின் குரல் மட்டும் வந்தது, "நிறுத்தாதீங்க, கடல் நிக்காது." முறத்தை நாங்கள் நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த இருட்டில் கேழ்வரகு உருளும் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, பெருசு ஒன்று, சின்னது இரண்டு, அப்புறம் இழுப்பு. அப்போது கூட்டத்துக்கு நடுவே இருந்து சைக்கிள் சங்கிலி சத்தம் கேட்டது. கணக்கு சார் தன் சைக்கிளை மேடைக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார். டைனமோ விளக்கு மேடை மேல் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு அப்பாக்கள் சைக்கிளைக் கொண்டு வந்தார்கள். மிதிக்கும் வேகத்துக்கு வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டே இருந்ததால் அந்தச் சேலைகள் நிஜமாகவே தண்ணீர் மாதிரி மின்னின. அந்த வெளிச்சத்தில்தான் அண்ணன் எழுந்து, மைக் இல்லாமல், "நற்றுணையாவது நமச்சிவாயவே" என்று பாடினான். அவன் குரல் சுவர் மேல் இருந்தவர்கள் வரை போனது. பாட ஆரம்பித்ததும் கடல் அடங்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம். அடங்கினோம். ஐம்பது பேர் ஒரே நேரத்தில்.

மேடம், பென் டிரைவ் நின்றதும் அந்த எட்டுப் பிள்ளைகள் திகைத்து நின்றது அவர்கள் குற்றம் இல்லை. அந்த மேடையில் அவர்களுடையது என்று ஒன்றுமே அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. குரல் வேறு யாருடையதோ, அசைவு யூடியூபில் பார்த்தது, உடை வாடகைக்கு வந்தது. எங்களிடம் கரண்டும் மைக்கும் போன பிறகும் மிச்சம் இருந்தது நிறைய. அதை எங்களுக்குக் கொடுத்தவர்கள் இதே பள்ளியின் ஆசிரியர்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை, எமிஸ் பதிவு (பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை), வருகை, பயிற்சி, கூட்டம் என்று அவர் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஒரு மாதம் ஒத்திகை பார்க்க நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு, தன் பிள்ளை ஆடுவதைப் போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும், நாடகத்தில் ஐம்பதில் ஒருவனாக நின்றால் வீடியோவில் தெரியாதே என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான். கலைத் திருவிழாவில் நாடகம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். உண்மை, 2022இலிருந்து அரசு அதை நடத்துவது பெரிய காரியம், நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போவதைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் நன்றாக நடிக்கத் தெரிந்த ஏழெட்டுப் பேர். சுவரோரம் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையனை யாரும் போட்டிக்கு அனுப்ப மாட்டார்கள். அவனுக்கு இருப்பது ஆண்டு விழா ஒன்றுதான்.

அதனால் நான் கேட்பது இதுதான். பதினாலு நிகழ்ச்சியில் பத்து நடனம் இருக்கட்டும். ஒரு நாற்பது நிமிஷம், வருஷத்துக்கு ஒரே ஒரு நாடகம், எவ்வளவு பிள்ளைகள் பேர் கொடுக்கிறார்களோ அத்தனை பேரும் அதில் இருக்கிற மாதிரி. வாடகை உடை வேண்டாம், வீட்டில் இருக்கிற சேலையும் வேட்டியும் துண்டும் போதும். பதிவு செய்த குரல் வேண்டாம். பிள்ளைகள் வாயைத் திறந்து பேச வேண்டும்.

அப்பர் கதை ஒரு மதத்தின் கதை, எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற இடத்தில் வேண்டாம் என்று நினைத்தால் அதையும் மதிக்கிறேன், இந்த ஊரில் கதைக்கா பஞ்சம். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய முதுநகர் அஞ்சலை அம்மாள் இருக்கிறார். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்துக்கு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனவர், இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள், அந்தக் குழந்தைக்குப் பின்னால் காந்தியடிகள் லீலாவதி என்று பெயர் வைத்தார். ஒன்பது வயதுப் பெண்ணின் வேஷத்தை ஒன்பது வயதுப் பெண்ணே போடலாம், இதைவிட வேறு என்ன வேண்டும். இல்லை என்றால் 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரை ஊர்களை எடுத்துக்கொண்ட கதை, குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் குண்டு தன் வயலில் விழுந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஜனங்களாக எத்தனை பிள்ளைகளை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

எழுதுவதற்கு ஆள் வேண்டுமே என்றால், ஆசிரியர்களில் ஒருவர் எழுதுங்கள், கட்டாயம் முடியும். தமிழய்யா எங்களிடம் அடிக்கடி சொன்ன ஒரு பெயர் பாரதிதாசன். பக்கத்தில் புதுச்சேரியில் முப்பத்தேழு வருஷம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர், நாடகமும் எழுதினார், மறைந்த பிறகு சாகித்திய அகாதமி விருது கிடைத்த பிசிராந்தையார் ஒரு நாடகம்தான். தமிழய்யா நவம்பர் 13 ஆனால் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவார். 1922இல் அந்தத் தேதியில் சங்கரதாஸ் சுவாமிகள் அங்கேதான் காலமானார், கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. சின்னப் பையன்களை வைத்தே நாடக சபை நடத்தி, அவர்களுக்கு எழுத்தும் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு வருஷம் எங்களில் ஆறு பேரைக் கூட்டிப்போனார். நாடகக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், தமிழய்யா ஒரு ரோஜா மாலையை வைத்துவிட்டுச் செருப்பில்லாத காலோடு வெயிலில் ரொம்ப நேரம் நின்றார். எங்களுக்குக் கால் சுட்டது, ஆனால் அவர் நிற்கும்போது நகரத் தோன்றவில்லை.

அவர் இப்போது இல்லை. தையல் டீச்சரும் இல்லை. கடல் வாத்தியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் என்ன ஆனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். உயிரோடு இருந்தான், படகு இல்லை, வீடு இல்லை, அவன் தம்பி இல்லை. ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவன்தான் பேசினான். "அன்னிக்கு ரொம்ப தூரம் இழுத்துச்சு. இழுக்கும்போதே கத்திக்கிட்டு ஓடினேன், என் பின்னாடி வந்தவங்க எல்லாம் இருக்காங்க" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் விழா முடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளை அங்கே அடுக்கி வைத்திருக்கிறீர்கள், படிக்கட்டில் ஒரு கல் பெயர்ந்திருக்கிறது. மற்றபடி மேடை திடமாக இருக்கிறது. அந்தக் கல்லைப் பூசுவதற்கு ஆகும் செலவை எங்கள் வகுப்புக்காரர்கள் நாலைந்து பேர் ஏற்றுக்கொள்கிறோம், பேசிவிட்டேன். புங்கங்கன்று ஒன்றும் வாங்கித் தருகிறோம். ஒத்திகைக்கு ஆள் இல்லை என்றால் சனிக்கிழமை மதியம் நான் வருகிறேன், என்னோடு இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் அன்று அப்பராக நடித்த அண்ணன், குரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கடல் வாத்தியாரிடமும் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. "பசங்க கேப்பாங்களா?" என்றான். வந்து பார் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று தெரியப்படுத்துங்கள். ஐந்து முறம் வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவின் பச்சைச் சேலையும் இருக்கிறது, இரண்டு இடத்தில் இழை விட்டிருக்கிறது, தைத்துக்கொண்டு வருகிறேன்.

மரியாதையுடனும் அன்புடனும்,
உங்கள் பள்ளியின் பழைய மாணவி,
1984, ஏழாம் வகுப்பு, இரண்டாவது முறம்